சாக்கடைப் புழு இருக்கிறது, சரி; மற்றவை எங்கே?

2009-ஆம் ஆண்டு இணையத்தில் ஒரு வீடியோ பரவியது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ராலி என்ற நகரம். அங்கே ஒரு கடைவீதிக்குக் கீழே போகும் கழிவுநீர்க் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்திருக்கிறார்கள். குழாய்ச் சுவரில் அங்கங்கே சிவப்பும் பழுப்புமாகச் சதைக்கட்டிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கேமராவின் விளக்கு நெருங்கியதும் அவை சுருங்கித் துடித்தன. வேற்றுக்கிரக ஜீவன் என்று சிலர் கிளப்பிவிட்டார்கள், போலி வீடியோ என்று சிலர் தள்ளிவிட்டார்கள். இரண்டும் இல்லை. ஆயிரக்கணக்கான டியூபிஃபெக்ஸ் புழுக்கள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு கிடந்த கூட்டம்தான் அது. நன்னீரில் கூட்டமாக ஒட்டி வாழும் பிரையோசோவா என்ற சிற்றுயிர்களில் நிபுணரான திமோத்தி வுட்டிடம் கேட்டபோது அவரும் அதையே சொன்னார். இந்தப் புழு சேற்றில் புதைந்து வாழ்வது. குழாய்க்குள் சேறு கிடையாது. அதனால் பக்கத்தில் இருக்கும் புழுவையே பிடிமானமாகக் கொண்டு உருண்டுவிட்டது.

நம் ஊரிலும் இதைப் பார்க்காதவர்கள் குறைவு. வண்ணமீன் கடையில் தட்டையான ஒரு ட்ரேயில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அதன் நடுவில் செக்கச்செவேலென்று ஒரு கற்றை நெளிந்துகொண்டிருக்கும். விரலால் லேசாகத் தொட்டால் மொத்தக் கற்றையும் ஒரே நேரத்தில் இறுகும். கையால் கலைத்துவிட்டால் சிறிது நேரத்தில் ஒன்றைத் தேடி ஒன்று நகர்ந்து மறுபடியும் உருண்டையாகிவிடும். ஆம்ஸ்டர்டாமில் சில இயற்பியலாளர்கள் இந்தப் புழுக்கூட்டத்தை உயிருள்ள பாலிமர், அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் பின்னிக் கிடக்கும் பொருள் என்று எடுத்துக்கொண்டு, அது எப்படிப் பாய்கிறது, எவ்வளவு பாகுத்தன்மை உடையது என்றெல்லாம் அளந்து 2020-இல் ஆய்வுக்கட்டுரையே எழுதினார்கள்.

இது மண்புழுவின் உறவுக்காரன். தையல் நூல் பருமன், சில சென்டிமீட்டர் நீளம், வளையம் வளையமான உடம்பு. ஒவ்வொரு வளையத்திலும் கண்ணுக்குத் தெரியாத நுண்முட்கள் கொத்துக் கொத்தாக இருக்கும். டியூபிஃபெக்ஸ் டியூபிஃபெக்ஸ் என்ற இனத்தை டென்மார்க்கின் முல்லர் 1774-இல் விவரித்தார். இதோடு எப்போதும் சேர்ந்தே பேசப்படுவது லிம்னோட்ரிலஸ் ஹாஃப்மைஸ்டெரி. அதற்கு 1862-இல் பெயர் வைத்தார்கள். வெறுங்கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் டியூபிஃபெக்ஸின் முதுகுப் பக்க முட்கொத்தில் நீண்ட மயிர்களும் தெரியும். லிம்னோட்ரிலஸுக்கு அந்த மயிர் கிடையாது. லிம்னோட்ரிலஸ் வகைகளைத் தங்களுக்குள் பிரித்தறிய வேண்டுமென்றால் இன்னும் சிக்கல். முதிர்ந்த புழுவின் ஆணுறுப்பு உறையின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். இளம் புழு கையில் கிடைத்தால் நிபுணரும் கைவிரித்துவிடுவார்.

அழுக்குத் தண்ணீர் என்றாலே இந்தப் புழு நினைவுக்கு வருவதற்குக் காரணம் ஆக்சிஜன். சாக்கடை கலந்த நீரில் பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்கும்போது நீரில் கரைந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. மீனும் பூச்சிகளின் இளம்புழுக்களும் திணறுவது அதனால்தான். டியூபிஃபெக்ஸின் சிவப்பு நிறம் ஹீமோகுளோபினால் வருவது. நமக்கு அது ரத்தச் சிவப்பணுக்களுக்குள் அடைபட்டிருக்கிறது. இதற்கோ அணுவே கிடையாது, மிகப்பெரிய மூலக்கூறாக ரத்தத்தில் நேரடியாகக் கரைந்திருக்கிறது. மிகக் குறைந்த ஆக்சிஜன் இருந்தாலும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும் வகை. புழு சேற்றில் சளியும் மண்ணும் குழைத்து ஒரு குழல் கட்டி, தலையை உள்ளே புதைத்து, வாலை மட்டும் தண்ணீரில் நீட்டி ஆட்டிக்கொண்டிருக்கும். செவுள் இல்லை, நுரையீரல் இல்லை. வாலின் தோல்தான் சுவாச உறுப்பு. ஆக்சிஜன் குறையக் குறைய வாலை இன்னும் நீட்டும், இன்னும் வேகமாக ஆட்டும். கண்ணாடித் தொட்டியில் சேறு போட்டு வளர்த்தால் இதை நேரில் பார்க்கலாம்: காற்றுக்குமிழி விடும் மோட்டாரை நிறுத்திவிட்டால் சேற்றின் மேல் சிவப்பு வால்கள் மெல்ல மெல்ல உயர்ந்து வரும். தொட்டியைத் தட்டினால் அத்தனையும் கணத்தில் உள்ளே போய்விடும்.

ஆக்சிஜன் அறவே இல்லாமல் போனாலும் உடனே சாவதில்லை. உடம்பில் சேர்த்து வைத்த கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தைக் காற்றில்லாமலே சிதைத்துக் காலம் தள்ளும். நாம் மூச்சிரைக்க ஓடும்போது தசையில் லாக்டிக் அமிலம் சேருகிறதே, அந்த வழியை இது பெரிதும் நம்புவதில்லை. அசிட்டிக், புரோப்பியோனிக் போன்ற அமிலங்களாக முடியும் வேறொரு வேதிப்பாதை இதற்கு இருக்கிறது. அதில் கிடைக்கும் ஆற்றல் அதிகம், கழிவை வெளியேற்றுவதும் எளிது. குளம் வற்றினாலோ, உடம்பைச் சுற்றி ஓர் உறை சுரந்து உள்ளே சுருண்டுகொண்டு மழைக்குக் காத்திருக்கும்.

இது தின்பது சேற்றில் உள்ள பாக்டீரியாவை. சேற்றை விழுங்கி, அதில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவைச் செரித்துவிட்டு மிச்சத்தைக் கழிக்கும். தலை சில சென்டிமீட்டர் ஆழத்தில், வால் மேலே. அதனால் கீழே விழுங்கிய மண் மேலே வந்து விழுகிறது. கிணறு தூர்வாரும்போது உள்ளே நிற்பவர் வாரிக் கொடுக்கும் சேறு கரையில் வந்து குவிவதைப் போல, அடிச்சேறு இடைவிடாமல் மேற்பரப்புக்கு வந்துகொண்டே இருக்கும். ஒரு சதுர மீட்டரில் பல்லாயிரம் புழுக்கள் இதைச் செய்யும்போது ஏரியின் அடித்தரை மொத்தமும் புரட்டிப் போடப்படுகிறது. இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. பல வருடங்களுக்கு முன் ஆலைகள் கொட்டிய நஞ்சு மேலே புதுவண்டல் படிந்து மூடிக்கொண்டது, இனிப் பயமில்லை என்று சொல்வார்கள். புழுவின் வாய் எட்டும் ஆழத்தில் அது கிடந்தால் அந்தச் சமாதானம் செல்லாது. அடைபட்டிருக்கும் பாஸ்பரசும் இப்படித்தான் மறுபடி நீருக்கு வருகிறது, பாசி படர உதவுகிறது.

கனடாவில் பல காலம் இந்தப் புழுக்களை ஆராய்ந்த ரால்ஃப் பிரிங்க்ஹர்ஸ்டும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். ஒரே இனத்தைத் தனியாக வளர்ப்பதைவிடப் பல இனங்களைச் சேர்த்து வளர்த்தால் புழுக்கள் நன்றாக இருந்தன. ஒன்று செரிக்காத பாக்டீரியா அதன் எச்சத்தில் பெருகுகிறது. அது இன்னொன்றுக்குத் தீனி. ஒன்றின் கழிவைத் தேடி மற்றொன்று போகிறது. ஒரே சேற்றில் மூன்று நான்கு இனங்கள் சண்டையில்லாமல் வாழ்வது இப்படித்தான்.

இனி, இந்தப் புழுவை வைத்துத் தண்ணீரின் தரத்தைச் சொல்ல முடியுமா என்ற கேள்விக்கு வருவோம். முடியும் என்று முதலில் முறைப்படி சொன்னவர்கள் ஜெர்மனியின் கோல்க்விட்ஸும் மார்ஸ்ஸனும். 1908, 1909-இல் அவர்கள் ஆற்று உயிர்களை அழுக்கு தாங்கும் அளவின்படி வரிசைப்படுத்தினார்கள். சாக்கடை வந்து சேரும் வாயிலிருந்து ஆற்றோடு கீழ்நோக்கி நடந்தால் அந்த வரிசை அப்படியே விரியும். வாயருகே சாம்பல் நிறத்தில் பாக்டீரியாக் கொழகொழப்பு. சற்றுத் தள்ளி டியூபிஃபெக்ஸ் கூட்டம். அப்புறம் மீன் வளர்ப்பவர்கள் ரத்தப்புழு என்று வாங்கும் கைரோனோமிட் கொசுவினத்தின் இளம்புழுக்கள். இன்னும் கீழே போனால் நத்தை, சிறு இறால் வகைகள். தண்ணீர் முழுக்கத் தேறிய இடத்தில் மேஃப்ளை போன்ற பூச்சிகளின் இளம்பருவம். பிரிட்டனில் பிறகு வந்த மதிப்பெண் முறையில் அழுக்கு தாங்காத மேஃப்ளை குடும்பங்களுக்குப் பத்து, கைரோனோமிட்டுக்கு இரண்டு, நம் புழுவுக்கு ஒன்று. அந்த முறையைத் தழுவித்தான் இந்தியாவின் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஆறுகளுக்கான உயிரியல் தர அளவுகோலை வகுத்தது.

1960-இல் குட்நைட், விட்லி என்ற இருவர் இன்னும் எளிய கணக்கு ஒன்றைக் கொடுத்தார்கள். அடித்தரையிலிருந்து அள்ளிய உயிர்களில் இந்தப் புழுக்களின் பங்கு 80 சதவீதத்துக்கு மேல் போனால் மோசமான மாசு. 60-க்கும் 80-க்கும் இடையில் இருந்தால் சந்தேகம். 60-க்குக் கீழே என்றால் நல்ல நிலை. இந்தக் கணக்கில் புழு எத்தனை என்பதைவிட, அதோடு வேறு யார் இருக்கிறார்கள் என்பதே முக்கியம். எனக்கு இது மிகச் சரியான பார்வையாகப் படுகிறது, ஆனால் பலர் அதை மறந்துவிட்டுப் புழுவை மட்டும் எண்ணுகிறார்கள்.

ஏன் என்றால், டியூபிஃபெக்ஸ் அழுக்கை விரும்பிப் போகும் பிராணி அல்ல. ஐரோப்பாவின் குளிர்ந்த, தெளிந்த மலை ஏரிகளின் ஆழத்திலும் அது இருக்கிறது. அங்கே சாக்கடைவாடை கூடக் கிடையாது. தீனி மிகக் குறைவு என்பதால் மற்றவை அதிகம் தங்குவதில்லை, இது தங்குகிறது. சாக்கடையிலும் அதே கதைதான். தின்ன வரும் மீன் இல்லை, போட்டிக்கு வரும் பூச்சி இல்லை, பாக்டீரியாவுக்குப் பஞ்சமில்லை. எல்லோரும் காலி செய்த வீட்டில் இது மட்டும் குடியிருக்கிறது, பெருகுகிறது.

வட அமெரிக்காவின் ஈரி ஏரியில் இது நடந்த விதம் நன்றாகப் பதிவாகியிருக்கிறது. அதன் மேற்குப் பகுதி ஆழம் குறைந்தது. அடிச்சேற்றில் ஹெக்சஜீனியா என்ற மேஃப்ளையின் இளம்புழுக்கள் சதுர மீட்டருக்கு நூற்றுக்கணக்கில் இருந்தன. 1953 கோடையின் இறுதியில் காற்று அடங்கி, வெயில் நின்று காய்ந்தது. மேல்நீரும் அடிநீரும் கலக்கவில்லை. ஊர்க் கழிவையும் வயல் உரத்தையும் வாங்கி ஏற்கெனவே கனத்துப்போயிருந்த ஏரியின் அடியில் ஆக்சிஜன் தீர்ந்தது. மேஃப்ளைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அடுத்த சில ஆண்டுகளில் அந்தப் பகுதியில் ஏறக்குறைய இல்லாமலே போயின. 1930-இல் எடுத்த கணக்கையும் 1961-இல் எடுத்த கணக்கையும் கார், ஹில்டுனன் என்ற ஆய்வாளர்கள் ஒப்பிட்டபோது புழுக்கள் பல மடங்கு கூடியிருந்தன. சதுர மீட்டருக்கு 5,000-க்கு மேல் புழு இருந்தால் கடும் மாசு என்ற அளவுகோல் அந்த ஏரியில் உருவானதுதான். 1972-இல் அமெரிக்காவும் கனடாவும் ஒப்பந்தம் போட்டு, ஏரிகளுக்கு வரும் பாஸ்பரசைக் குறைக்க ஆரம்பித்தன. மேஃப்ளை திரும்பி வர 1990-கள் ஆயிற்று. இப்போது கோடையில் அவை கிளம்பும் இரவுகளில் வானிலை ரேடாரில் மேகம் மாதிரி தெரிகின்றன. ஈரியில் புழு அழிந்துவிடவில்லை, பக்கத்து வீடுகளில் ஆள் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

எண்ணிக்கை ஏமாற்றும் இன்னொரு இடமும் உண்டு. இந்தப் புழு தாங்குவது சாக்கடை மாதிரியான கரிமக் கழிவை. ஆலைக்கழிவில் உள்ள செம்பும் காட்மியமும் பாதரசமும் வேறு விஷயம். அவை அளவு மீறினால் புழுவும் குறையும். அப்போது 'புழு குறைவு, ஆகவே சுத்தம்' என்று எழுதினால் கணக்குத் தலைகீழாகிவிடும். ஸ்வீடனின் வேனர்ன் ஏரியில் மில்பிரிங்க் என்ற ஆய்வாளர் வேறு வழியில் பார்த்தார். பாதரசம் சேர்ந்த வளைகுடாக்களில் கிடைத்த புழுக்களின் நுண்முட்கள் கோணலாகவும் கிளைத்தும் இருந்ததை அவர் 1983-இல் வெளியிட்டார். எண்ணிக்கை சொல்லாததை அந்த முட்கள் சொல்லிவிட்டன.

உலோகம் என்று வந்துவிட்டால் ஹட்சன் ஆற்றின் ஃபவுண்டரி கோவ் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நியூயார்க் நகருக்கு வடக்கே, கோல்ட் ஸ்பிரிங் என்ற சிற்றூரை ஒட்டிய சிறு நீர்க்குடா அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே பீரங்கி வார்த்த உலைக்கூடத்தால் வந்த பெயர். 1950-களின் தொடக்கம் முதல் 1979 வரை அங்கே நிக்கல்-காட்மியம் பேட்டரி ஆலை ஒன்று ஓடியது. கழிவு குடாவுக்குள் போனது. சில இடங்களில் ஒரு கிலோ உலர்ந்த சேற்றில் காட்மியம் 10,000 மில்லிகிராமைத் தாண்டியது, அதாவது சேற்றில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல். அந்தச் சேற்றிலும் லிம்னோட்ரிலஸ் ஹாஃப்மைஸ்டெரி வாழ்ந்துகொண்டிருந்தது.

ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தின் பால் கிளர்க்ஸும் ஜெஃப்ரி லெவின்டனும் அந்தப் புழுக்களை எடுத்து, பக்கத்தில் இருந்த சுத்தமான குடாவின் புழுக்களோடு ஒப்பிட்டார்கள். சுத்தமான இடத்துப் புழுவை ஃபவுண்டரி கோவ் சேற்றில் விட்டால் தாங்கவில்லை. உள்ளூர்ப் புழு சாதாரணமாக இருந்தது. சரி, சிறுகச் சிறுகப் பழகியதால் வந்த தாக்குப்பிடிப்பாக இருக்கலாமே? அதையும் சோதித்தார்கள். உள்ளூர்ப் புழுக்களின் சந்ததியைச் சுத்தமான சேற்றில் வளர்த்து, பிறகு காட்மியத்தைக் காட்டினார்கள். சந்ததிக்கும் அந்தத் தாங்குதிறன் இருந்தது. ஆக, அது பரம்பரைக் குணம். இப்படி ஒரு மாற்றம் வர எத்தனை தலைமுறை ஆகும் என்று கணக்கிட்டால் ஒன்றிலிருந்து நான்கு என்று வந்தது. 1989-இல் இது வெளியானபோது பரிணாமம் என்றால் லட்சம் வருடம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தாங்குவது எப்படி? காட்மியத்தை அவை உள்ளே விடாமல் தடுக்கவில்லை. உள்ளே வாங்கி, ஒரு பகுதியைப் புரதத்தோடு கட்டிப்போட்டு, மற்றொரு பகுதியைக் கந்தகத்தோடு சேர்த்து நுண்மணிகளாக மாற்றித் திசுக்களில் ஒதுக்கி வைத்தன. சாதாரணப் புழுவுக்கு இந்த மணி கட்டும் வேலை தெரியாது. பிறகு இந்தப் புழுக்களை இறாலுக்குத் தின்னக் கொடுத்துப் பார்த்தார்கள். புரதத்தோடு இருந்த காட்மியம் இறாலின் உடம்பில் ஏறியது, மணியாக இருந்தது பெரும்பாலும் ஏறாமல் வெளியே போனது. கேட்க நிம்மதியாகத்தான் இருக்கிறது. ஆனால் தாங்கும் புழு தன் உடம்பில் சேர்த்து வைத்திருந்த மொத்தக் காட்மியம், சாதாரணப் புழுவிடம் இருந்ததைவிடப் பல மடங்கு. புழு சாகவில்லை என்பதாலேயே நஞ்சு மேலே போகும் வழி திறந்தே இருந்தது.

கதை அதோடு முடியவில்லை. சட்டப்படி அந்த இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று. 1990-களின் நடுவில் குடாவின் மேல்சேற்றைத் தோண்டி அப்புறப்படுத்தினார்கள். லெவின்டன் குழு தொடர்ந்து புழுக்களை எடுத்துச் சோதித்தது. 2003-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு: 9 முதல் 18 தலைமுறைக்குள் அந்தத் தாங்குதிறன் காணாமல் போய்விட்டது. நஞ்சு இல்லாத இடத்தில் அந்தத் திறன் வெறும் சுமை. அதைச் சுமந்த புழுக்களைச் சுமக்காத புழுக்கள் முந்திவிட்டன. வெளியிலிருந்து வந்து கலந்த புழுக்களின் பங்கும் இதில் இருந்திருக்கலாம்.

சேறு தெளிந்த ஆற்றிலும் இந்தப் புழு வம்பு செய்யும். மொன்டானா மாநிலத்தின் மேடிசன் ஆறு தூண்டில்காரர்களுக்குப் பேர்போன டிரௌட் மீன் ஆறு. அங்கே 1990-களில் ரெயின்போ டிரௌட் 90 சதவீதம் அளவுக்குச் சரிந்தது. குஞ்சுகள் தலை சுற்றியது போல ஒரே வட்டத்தில் சுழன்று சுழன்று நீந்திச் செத்தன. நோய்க்குக் காரணம் குருத்தெலும்பைத் தின்னும் மிக்சோபோலஸ் என்ற ஒட்டுண்ணி. ஜெர்மனியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கண்ட நோய்தான் இது. ஆனால் எப்படிப் பரவுகிறது என்பது நெடுநாள் புதிர். நோயுற்ற மீனின் வித்துகளை நல்ல மீனுக்குக் கொடுத்தால் ஒட்டவில்லை, சேற்றில் சில மாதம் கிடந்த பிறகு ஒட்டியது. 1984-இல் கென் வுல்ஃபும் மரியா மார்கிவும் விடை சொன்னார்கள். சேற்றில் இருந்த டியூபிஃபெக்ஸ் அந்த வித்துகளை விழுங்குகிறது. அதன் குடலில் ஒட்டுண்ணி முற்றிலும் வேறு உருவம் எடுத்து, மூன்று கொக்கி கொண்ட நங்கூர வடிவில் வெளியே மிதந்து மீனின் தோலில் ஒட்டுகிறது. அந்த நங்கூர உருவத்தை அதுவரை தனி உயிரினமாகவே வகைப்படுத்தி வைத்திருந்தார்கள். லிம்னோட்ரிலஸில் இந்த ஒட்டுண்ணி வளர்வதில்லை. முதுகில் மயிர் இருக்கிறதா இல்லையா என்று மைக்ரோஸ்கோப்பில் உற்றுப் பார்ப்பது வெறும் பெயர்ச் சண்டை அல்ல என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

உபகாரமும் உண்டு. ஜப்பானில் ரசாயனம் போடாத நெல்வயல்களில் இவ்வினப் புழுக்கள் சேற்றைப் புரட்டிப் புரட்டி மேலே கூழ் போன்ற ஒரு படலத்தை உண்டாக்குகின்றன. களைவிதைகள் அதற்கடியில் புதைந்து முளைக்க முடியாமல் போகின்றன. அங்குள்ள இயற்கை விவசாயிகள் இதற்காகவே வயலைப் பக்குவம் செய்கிறார்கள்.

கடைசியாக, கடை ட்ரேயில் நெளியும் அந்தச் சிவப்புக் கற்றை. சென்னை கொளத்தூர் போன்ற இடங்களில் வண்ணமீன் வளர்ப்பவர்களுக்கு இது விருப்பமான தீனி. புரதம் அதிகம், குஞ்சுகள் ஓடி வந்து தின்னும், நிறமும் வளர்ச்சியும் நன்றாக வரும். கொல்கத்தாவில் சாக்கடைகளிலிருந்து இதை அள்ளி விற்பதே சிலருக்குப் பிழைப்பு. வாங்கியவர்கள் ஒன்றிரண்டு நாள் ஓடும் தண்ணீரில் போட்டு அலசுவது வழக்கம். அது நல்ல வழக்கம்தான்: புழுவின் குடலில் உள்ள சாக்கடைச் சேறு வெளியேறும், மேலே ஒட்டிய கிருமி ஓரளவு குறையும். ஆனால் திசுவில் ஒதுக்கி வைத்த உலோகம் தண்ணீர் சொட்டினால் போகாது; ஃபவுண்டரி கோவ் புழுவைப் பார்த்த பிறகு அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆலைக்கழிவு கலக்கும் கால்வாயில் அள்ளிய புழுவை எத்தனை நாள் அலசினாலும் அது ஆலைக்கழிவுப் புழுதான். குளத்து மண்ணும் மாட்டுச்சாணமும் கலந்து தட்டில் பரப்பி, மேலே மெல்லிய நீரோட்டம் விட்டு வீட்டிலேயே இதை வளர்க்க முடியும். சில பண்ணைகள் அப்படி வளர்க்கவும் செய்கின்றன. கடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன்னால் எந்தத் தண்ணீரில் அள்ளியது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறாலின் முட்டைகளைப் பொரிக்க வைத்துக் குஞ்சுகளுக்குக் கொடுத்துவிடலாம்.